ஏழரை

விகனில் வெள்ளிக்கிழமை, நசநசவென்று மழை.
கிளிஃபர்ட் என்ட்விசில் நாற்காலியில் சாய்ந்து
"சீக்கிரம் பிடுங்கிவிடு டாக்டர்,
ஒரு மணிக்குப் பை கடையில் வரிசை நீண்டுவிடும்" என்றார்.
தொப்பி மடியில் இருந்தது.
நெற்றியில் அது அழுத்திய சிவப்புக் கோடு.
பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

கீழ்வரிசை, வலப்புறம், கடைவாய்க்கு முந்தைய பல்.
தலை பாதி சொத்தை, உள்ளே நரம்பு செத்துப் பல நாள்.
ஊசி போட்டேன், உதடு மரத்தது.
குறட்டால் கவ்வி
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
மறுபடி இந்தப் பக்கம்.
என் மணிக்கட்டுதான் ஆடியது.
கடைசியில் மேல்பாதி மட்டும்
குறட்டோடு முறிந்து வந்தது.

முதலில் எடுத்த படம்
வேர்முனைக்குச் சற்று மேலேயே முடிந்திருந்தது. என் தவறு.
இரண்டாவது படத்தில் தெரிந்தது:
மேலே ஒல்லி, கீழே உருண்டை,
தாளோடு பிடுங்கிய வெங்காயம்.

பற்காரை என்பது மெல்லிய பூச்சு.
வேரை எலும்போடு பிணைக்க
நகக்கனம்கூட வேண்டாம்.
இங்கே கொத்தனுக்கு நிறுத்தத் தெரியவில்லை,
பூசிப் பூசிப் பூசி வைத்திருந்தான்.
அறைக்குள்ளேயே செய்த கட்டில்
கதவு வழியே வருமா?

மேலே பார்த்தேன், அதன் ஜோடியைக் காணோம்.
"எழுபத்தெட்டு. சேற்று மைதானம்.
விட்னஸ்காரன் ஒருத்தன் முழங்கை.
நடுவர் பார்க்கவில்லை" என்றார்,
மரத்த வாயால், இன்னும் கோபமாக.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.
கடிக்க எதிராளி இல்லாத பல்
கொஞ்சம் கொஞ்சமாய் மேலே எழும்,
எழ எழக் காலடியில் காரை சேரும்.
நாற்பது வருஷம்,
இல்லாத ஒன்றை எட்டிப் பார்த்தபடி.
மோரீனிடம் சொன்னேன்.
உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி "ஐயோ பாவம்" என்றாள்.
"பல்தானே" என்றார் என்ட்விசில்.

ஈறை விலக்கி, எலும்பைச் சன்னமாய்ச் சீவி,
வேரை இரண்டாக அறுத்து,
நாற்பது நிமிடம்.
தட்டில் விழுந்தது
பட்டாணிபோல் ஒன்று, அதில் பாதிபோல் ஒன்று,
பழைய சோப்பின் மஞ்சள்.

எதற்கும் இருக்கட்டும் என்று
வாய் முழுக்க ஒரு பெரிய படம் எடுத்தோம்.
ஜோடி உள்ள பல், இல்லாத பல்,
தினம் பை கடிக்கிற பல், சும்மா கிடக்கிற பல்,
எல்லாவற்றின் அடியிலும் அதே வெங்காயம்.
தாடையில் அங்கங்கே
பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளை.

அந்தப் பல் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை.
எவனோ ஒருத்தன்
எல்லா வீட்டுக்கும் பூசிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தொப்பி.
"சின்னதாக இருக்கிறதே?"
"மழையில் சுருங்கிவிட்டது. இது மூன்றாவது.
முப்பது வருஷம் ஏழே கால் போட்டவன்.
இப்போது எவன் ஒழுங்காய்த் தைக்கிறான்?
ஏழரைகூட இறுக்குகிறது."

ஏழரை.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள்.
இங்கே தலைக்கு வந்ததைத்
தொப்பி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது,
இவர் தொப்பியைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

காது?
"மந்தம்."
கால் எலும்பு?
"ராத்திரியில் குடைச்சல். வயசு."
எலும்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன்.
ரத்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி
பேஜட் நோய் என்ற இரு சொல்லுக்குப் பின்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பேனா அங்கே சற்று நின்றது.

சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.
மருந்து இருக்கிறது என்றதும் தலையாட்டினார்.
பல் துண்டுகளை ஒரு உறையில் கேட்டு வாங்கினார்,
பேரனிடம் காட்டுவாராம்.

"சூடாகப் பை சாப்பிடலாமா?"
"இன்றைக்குக் கூடாது."

அப்போதுதான் முகம் விழுந்தது.

தொப்பியை மாட்டினார், இறங்கவில்லை.
உச்சியில் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி
கால்வாய்ப் பக்கம் திரும்பி
மழைக்குள் போனார்.